பூங்காப் பக்கத்து அறையில் ஒரு ஞானி

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் நான் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தேன். இனிமேல் படுத்தே இருப்பது.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். நான் லிஃப்ட் பரிசோதகர். ஊரில் இருக்கிற அத்தனை லிஃப்டிலும் ஏறி நின்று, மேலே போகிறதா, கீழே வருகிறதா, நடுவில் மக்கர் பண்ணுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவன். நிற்பதுதான் என் உத்தியோகம். நடுவில் மாட்டிக்கொண்டால் ஓவர்டைமாகவும் நிற்பேன். அப்படி நின்று தேய்ந்த காலுக்குக் கொஞ்சம் நீட்டிக்கொள்ள உரிமை இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

இதில் ஒரு கொடுமை, நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. கட்டடத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது. முதலில் நூல் கிடங்காக இருந்ததாம். அப்புறம் ஏதோ விடுதியாம். அப்புறம் தடுத்து, பிரித்து, எங்களைப் போன்றவர்களுக்கு ஆளுக்கொரு வீடாக விற்றார்கள். லிஃப்ட் வைத்தால் பழைமை கெட்டுவிடும் என்று நகரசபை கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. எங்கள் பேட்டையே இப்படித்தான். சுவருக்குச் சுவர் ஒரு கல்வெட்டு. இங்கே இன்னார் பிறந்தார், இங்கே இன்னார் காலமானார். தெருமுனையில், இங்கே இன்னார் தங்கி வாடகை கொடுக்காமல் ஓடினார் என்றுகூட ஒன்று இருக்கிறது, கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில். பழசாக இருந்தால் போதும், அதை யாரும் தொடக்கூடாது. இந்தப் பேட்டையில் பழசாகியும் மதிப்பில்லாமல் போனது நான் ஒருவன்தான்.

வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்று பூங்காவைப் பார்த்தது. ஜன்னலைத் திறந்தால் மரம், புல், வாக்கிங் போகிறவர்கள், எல்லாம் தெரியும். இன்னொன்று பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தது. பார்த்தது என்பது மிகை, இடித்துக்கொண்டு நின்றது. அந்த அறையில் பட்டப்பகலில் விளக்கைப் போட்டால்தான் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியும். நாங்கள் தூங்குவது அதில்தான். பூங்கா அறையில் இருந்த எங்கள் பையன் வேலை கிடைத்து வேறு ஊர் போய்விட்டான். அறை காலி. என் தீர்மானத்தை நிறைவேற்ற, ஜன்னலோரம் அவனுடைய கட்டில் காத்திருந்தது. நான் போய்ப் படுத்தேன். காலை நீட்டினேன். கண்ணை மூடினேன்.

"என்னங்க, இந்த ரூமைக் காலி பண்ணணும்."

என் மனைவி தையற்காரி. கோட்டு, சட்டை, கவுன் என்று பேட்டையில் பாதிப் பேர் உடம்பில் அவள் கைவேலைதான் இருக்கிறது. கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். என்னைப் பார்க்கும்போதுகூட எங்கே வெட்டலாம் என்று யோசிப்பதுபோல்தான் பார்ப்பாள்.

"எந்த ரூமை?"

"இந்த ரூமைத்தான். மெஷினை இங்க போடப்போறேன்."

"இது என் ரூம்மா."

"எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்து."

"டாக்டரம்மாவோட கருநீலக் கோட்டுக்குக் கறுப்பு நூல்ல பட்டன் தெச்சுட்டேன். அந்த இருட்டு ரூம் ட்யூப்லைட் வெளிச்சத்துல ரெண்டும் ஒண்ணாத் தெரியுது. என் மானமே போச்சு. எனக்கு வெளிச்சம் வேணும்."

"எனக்கும்தான் வெளிச்சம் வேணும்."

"எதுக்கு?"

"யோசிக்க."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"யோசிக்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டுத்தான் யோசிப்பாங்க."

"அப்போ இருட்டு ரூமே போதுமே! விளக்குச் செலவும் மிச்சம்."

முப்பது மாடி லிஃப்ட் கயிறு அறுந்தாலும் நான் கலங்கமாட்டேன். அவள் தர்க்கம் பேச ஆரம்பித்தால் கலங்கிவிடுவேன்.

"மெஷின் இரும்புக்கால் மெஷின். நம்ம ரெண்டு பேரால தூக்க முடியாது. ஆள் கிடைச்சதும் நகத்திடலாம். அதுவரைக்கும் படுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மரண தண்டனைக் கைதியிடம், கயிறு வந்து சேரும்வரை சௌக்கியமாக இருங்கள் என்று சொன்ன மாதிரி இருந்தது.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. பகலில் எனக்குத் தூக்கம் போவது சின்ன விஷயம் இல்லை. எழுந்து பூங்காவுக்குப் போனேன்.

அங்கே பெஞ்சில் சோகமாக உட்கார்ந்திருந்தார் சரித்திரம் சார். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பேட்டையைச் சுற்றிக்காட்டுகிறார். மழை இல்லாத நாளிலும் தலைக்குமேல் சிவப்புக் குடையை விரித்துப் பிடித்திருப்பார். அதைப் பார்த்துத்தான் கூட்டம் வழி தெரிந்து பின்னால் போகும்.

"என்ன சார், குடை சாஞ்சு கிடக்கு?" என்றேன்.

"உங்க கட்டடத்தாலதான் சார்! தெருவுல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை இருக்கு. உங்க கட்டடத்துக்கு வந்தா நூல் கிடங்குங்கறேன். ஜனங்க கொட்டாவி விடுறாங்க. போன வாரம் ஒருத்தர் அங்கேயே உட்கார்ந்து தூங்கிட்டார்."

எனக்கு வாய் முந்திக்கொள்ளும், மூளை பின்னால் வந்து சேரும். அன்றைக்கும் அப்படித்தான்.

"யார் சொன்னது கதை இல்லைன்னு? எங்க வீட்டுல ஒரு மகா ஞானி இருந்திருக்கார்!"

குடை நிமிர்ந்தது. "ஞானியா? யார்?"

"மௌன ஞானி. விடுதியா இருந்த காலத்துல, எங்க பூங்கா ரூம்லதான் இருந்தார். ஜன்னலோரக் கட்டில். அதுல படுத்துக்கிட்டே யோசிச்சார்."

"என்ன யோசிச்சார்?"

"சொல்லலையே! மௌன ஞானியாச்சே."

"ஏதாவது எழுதி வெச்சாரா?"

"எழுதினா சிந்தனை கெட்டுப்போயிடும்னு ஒரு வரிகூட எழுதலை."

"சிஷ்யர்கள்?"

"பேசினாத்தானே சிஷ்யன் வருவான்?"

"அப்போ ஆதாரமே இல்லையா?"

"அங்கதான் நீங்க சூட்சுமத்தைப் பிடிக்கணும் சார்" என்று குரலைத் தாழ்த்தினேன். "ஒரு தடயம்கூட இல்லாம ஒருத்தர் வாழ்ந்துட்டுப் போயிருக்கார்னா, அவர் எவ்வளவு பெரிய ஞானியா இருக்கணும்! ஆதாரம் இல்லாததுதான் சார் ஆதாரம்!"

சரித்திரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தையைச் சொன்னார். "அப்படின்னா அந்த ரூம்ல ஒரு ஆணிகூட அசையக்கூடாது சார். கட்டில் இருந்த இடத்துல கட்டில் இருக்கணும்!"

"அதைக் கொஞ்சம் எங்க வீட்டுல வந்து சொல்லுங்களேன்" என்றேன்.

அன்று மாலையே மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து சொன்னார். என் மனைவி கையில் கத்திரிக்கோலோடு நின்று கேட்டுக்கொண்டாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"பேசலை, எழுதலை. அப்போ அவர் என்னதாங்க பண்ணினார்?" என்று என்னைக் கேட்டாள்.

"படுத்திருந்தார்."

"நாள் பூராவா?"

"ஆயுசு பூரா."

என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்குக் கொஞ்சம் வேர்த்தது உண்மை. ஆனால் அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்!

"அவ்வளவு பெரியவர் இருந்த ரூம்லயா நான் மெஷினைப் போடப் பாத்தேன்! வேண்டவே வேண்டாம். இவர் ஏன் அங்கேயே போய்ப் படுத்துக்கிறார்னு இப்பத்தானே புரியுது சார். இவர்தான் அவருக்கு சீடர்!"

சீடர் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சரித்திரம் சாரைக் கீழே வாசல்வரை வழியனுப்பிவிட்டு வருவதாகச் சொல்லி அவளே இறங்கிப் போனாள். திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. நான் எதற்கு அதைக் கவனிக்கிறேன்? எனக்கு வேலை இருந்தது. ஜன்னலோரம் படுத்திருந்தேன்.

அந்த வாரம் என் வாழ்க்கையின் பொற்காலம். காலையில் படுப்பேன். மத்தியானம் புரண்டு படுப்பேன். சாயந்திரம் களைப்பு தீரப் படுப்பேன். சாப்பாடு கட்டிலுக்கே வந்தது. பக்கத்து அறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால், பாவம், ட்யூப்லைட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு தைக்கிறாளே என்று மனசு கொஞ்சம் உறுத்தும். உறுத்தினால் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பூங்காவில் சிவப்புக் குடை. சுற்றிலும் ஒரு கூட்டம். சரித்திரம் சார் எங்கள் ஜன்னலைக் காட்டி ஏதோ சொல்கிறார். எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். சீடன் என்ற முறையில் லேசாகக் கையைத் தூக்கி ஆசீர்வாதம் மாதிரி ஒன்று காட்டினேன். கூட்டம் அப்படியே உருகிவிட்டது. சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் மூன்று மாடி ஏறி வீட்டுக்குள் வந்தது. ஒருவர் விடாமல் செருப்பைக் கழற்றினார்கள். நான் கட்டிலில் ஞானி பாணியில் ஒருக்களித்துப் படுத்து, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டேன்.

சரித்திரம் சார் தொண்டையைக் கனைத்தார். "நண்பர்களே, போன வாரம் வரைக்கும் ஞானி இந்தக் கட்டிலில் படுத்திருந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். தவறு! புதிய ஆராய்ச்சி வேறு மாதிரி சொல்கிறது."

நான் அரைக் கண்ணைத் திறந்தேன்.

"ஞானி படுத்ததே இல்லை. இந்த அறை வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்தது இல்லை. அவர் சிந்தித்த இடம் சமையலறை. பாத்திரம் தேய்த்துக்கொண்டேதான் அவர் ஞானம் அடைந்தார்!"

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "என்ன சார் இது அநியாயம்? யார் சொன்னது?"

"ஆராய்ச்சி சார்."

"எங்க ஆதாரம்?"

"ஆதாரமே இல்லை சார். அதுதானே ஆதாரம்!"

கூட்டம் தலையாட்டியது. நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் என் மனைவி உதட்டில் ஒரு விரலை வைத்தாள்.

"உஷ்! மௌன ஞானியோட சீடர் பேசலாமா? வாங்க, அவர் எப்படிச் சிந்திச்சார்னு இவர் செஞ்சு காட்டுவார்."

இருபது பேர் "உஷ்" என்றார்கள். உலகத்தில் எந்தப் புருஷனையும் இத்தனை பேர் சேர்ந்து அடக்கியிருக்கமாட்டார்கள். பேசினால் சீடன் இல்லை. சீடன் இல்லையென்றால் ஞானி இல்லை. ஞானி இல்லையென்றால் நான் புளுகன். எப்படித் திரும்பினாலும் சுவர்தான். பேசாமல் சமையலறைக்கு நடந்தேன்.

தொட்டி நிறையப் பாத்திரம்! ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தாளோ என்னவோ, அடிப்பிடித்த சட்டிகள் எல்லாம் ஆஜராகியிருந்தன. வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நிற்கிறது. தேய்க்க ஆரம்பித்தேன். முழங்கைவரை சோப்பு நுரை.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"தம்பிங்களா, நல்ல வாட்டசாட்டமா இருக்கீங்க. இந்த மெஷினைக் கொஞ்சம் அந்த ரூமுக்கு நகத்தித் தர்றீங்களா? ஞானிக்குத்தான் அந்த ரூமே பிடிக்காதாமே. சும்மாத்தானே கிடக்கு."

"தாராளமா அம்மா!"

இரும்புக்கால் மெஷின் தரையில் நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் துணி வெட்டும் மேஜை. அப்புறம், கட்டில் வெளியே போகும் சத்தம். என் கட்டில் கிரீச்சிடும் சத்தம் எனக்குத் தெரியாதா? ஓடிப்போய்த் தடுக்க வேண்டும்போல் இருந்தது. கையில் சட்டி, முகத்தில் நுரை, எதிரே இத்தனை கண்கள். நான் மௌனமாக அடிப்பிடித்ததைச் சுரண்டினேன்.

"பாருங்க, முகத்துல என்ன ஒரு வேதனை!" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா. "உலகத்துக்காக யோசிக்கிறார் போல."

"பாத்துக்குங்க" என்று இன்னொரு அம்மா தன் புருஷனின் விலாவில் இடித்தாள். அந்த மனுஷன் என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த ஞாயிறோடு முடிந்திருந்தால் தேவலை. அடுத்த ஞாயிறு கூட்டம் இரண்டு மடங்கு. அதற்கடுத்த ஞாயிறு மாடிப்படியில் வரிசை. வரவர ஆராய்ச்சியும் வளர்ந்தது. ஞானி தரையைத் துடைத்துக்கொண்டே மாயையைக் கண்டுபிடித்தாராம். துணி மடிக்கும்போதுதான் பிறவியின் ரகசியம் புரிந்ததாம். குப்பைக் கூடையைக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மாடி ஏறும்போது முக்தியே கிடைத்ததாம். ஒவ்வொன்றையும் சீடன் செய்து காட்ட வேண்டியிருந்தது. பயிற்சி வேண்டாமா என்று வாரநாளிலும் செய்தேன்.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆயுளெல்லாம் லிஃப்டுக்குள் நின்றேன், ஒருத்தர் என்னைத் திரும்பிப் பார்த்தது இல்லை. இப்போது நான் ஒரு கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தால் எத்தனை பேர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்! சிலருக்குத் தோள் குலுங்குகிறது. சிலர் தாங்க முடியாமல் மாடிப்படிக்கு ஓடிவிடுகிறார்கள். பக்தி முற்றினால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பெருமை முதுகுவலிக்கு மருந்து ஆகாது. இருட்டு அறைக்குத் திரும்பிவந்த என் பகல் தூக்கமும் சரிப்பட்டு வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் முடிவு செய்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டியது. ஞானி பொய் என்றால் சுற்றுலா நிற்கும். சுற்றுலா நின்றால் பாத்திரம் நிற்கும். ஒரு மூலையிலாவது கட்டிலைப் போட்டுக்கொள்ளக் கெஞ்சிப் பார்க்கலாம்.

பூங்கா அறைக்குப் போனேன். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. மரங்களுக்கு நடுவே வந்த வெயில் மெஷின்மேல் விழுந்துகொண்டிருந்தது. சிவப்பில் மட்டும் ஏழெட்டு நூல்கண்டு வரிசையாக இருந்தது, எனக்கே வித்தியாசம் தெரிந்தது. என் மனைவி கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்தாள். முதல் தடவையிலேயே நுழைந்துவிட்டது. அவள் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோஷம். அதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்காகக் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

"ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"கோவிச்சுக்கக் கூடாது."

"மாட்டேன்."

"அப்படி ஒரு ஞானியே கிடையாது. எல்லாம் நான் கட்டிவிட்ட கதை."

மெஷின் நிற்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா! எப்பலேர்ந்து?"

"நீங்க சொன்ன அன்னிக்கே. நாள் பூரா சும்மாப் படுத்துக் கிடந்தவரை ஞானின்னு உங்களைத் தவிர வேற யாருங்க சொல்லுவா?"

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. அறையில் ஒரே நாற்காலி, அதில் அவள்.

"அப்போ சரித்திரம் சார்கிட்ட..."

"அன்னிக்கே வாசல்ல வெச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். படிக்கட்டுலயே உட்கார்ந்து சிரிச்சார் மனுஷன். அவர் நேர்மையானவருங்க. பொய்யான சரித்திரம் சொல்லமாட்டார். அதனாலதான் ஒவ்வொரு வாரமும் பூங்காவுல நிறுத்தி, நடந்தது நடந்தபடி விவரமாச் சொல்லிட்டுத்தான் மேல கூட்டிட்டு வர்றார்."

கீழே குடை. மேலே என் ஆசீர்வாதம். வாயைப் பொத்திக்கொண்ட ஜனம். குலுங்கிய தோள்கள். எல்லாம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஞானி இல்லைன்னு தெரிஞ்சுமா வர்றாங்க?" என்றேன், ஈனஸ்வரத்தில். "அப்போ யாரைப் பாக்க மூணு மாடி ஏறி வர்றாங்க?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பொண்டாட்டிக்கு ஒரு ரூமைக் குடுக்க மனசில்லாம ஒரு ஞானியையே உண்டாக்கின புருஷனைப் பாக்கத்தான். இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பஸ் வருதாம். நம்ம பாத்திரம் பத்தாதுன்னு பக்கத்து வீட்டுலேர்ந்தும் வாங்கி வெச்சிருக்கேன்."